ஜெர்மனி போக ஏஜென்சி நாலு லட்சம் கேட்கிறது, கொடுக்கலாமா? வேலூரில் மூன்று வருடமாக ஸ்டாஃப் நர்ஸ்

நைட்_டூட்டி_குடியாத்தம்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று வருடம் ஆகிறது. ஊர் குடியாத்தம் பக்கம், வேலை வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனை (பெயர் வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் டூட்டி). மெடிக்கல் வார்டு. கையில் வருவது 14,500. ஹாஸ்டல், மெஸ் போக வீட்டுக்கு ஏழாயிரம் அனுப்பினால் பெரிய விஷயம். அப்பா தறி ஓட்டுகிறார், என் படிப்புக் கடன் இன்னும் பாதிகூட அடையவில்லை.

நைட்டில் 24 படுக்கைக்கு இரண்டு பேர். ஒருத்தி லீவு போட்டால் மிச்சம் ஒருத்திதான். போன மாதம் அப்படி ஒரு ராத்திரி. ஒரு தாத்தாவுக்கு மூச்சுத் திணறல், அவரை விட்டு நகர முடியவில்லை, அதே நேரம் இன்னொரு படுக்கையில் ரத்தம் ஏற்ற ஆரம்பித்திருக்கிறேன், மூன்றாவது படுக்கைக்காரர் மகன் டிரிப் தீர்ந்துபோச்சு என்று கத்துகிறார். ரத்தம் ஏற்றினால் முதல் பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தெரியும். நிற்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை, சாமி காப்பாற்றியது. ஆனால் சார்ட்டில் பதினைந்து நிமிட பல்ஸ், பிபி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதை நான் எழுதியது விடியற்காலை நாலரை மணிக்கு. அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இப்போது விஷயம். காட்பாடியில் ஒரு ஏஜென்சி, ஜெர்மனிக்கு அனுப்புகிறோம், நாலு லட்சம், பி1 (நடுத்தர நிலை) வரை ஜெர்மன் சொல்லிக்கொடுப்போம், மாதம் இரண்டரை லட்சம் சம்பளம் என்கிறார்கள். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். உலகம் முழுக்க லட்சக்கணக்கில் நர்ஸ் பற்றாக்குறை என்று பேப்பரில் போடுகிறான், அப்படியென்றால் எனக்கு ஏன் 14,500? இந்த வேலை எங்கேயாவது முன்னேறுகிறதா, இல்லை எல்லா ஊரிலும் இதே கதைதானா? போய்விட்டு வந்தவர்கள், பழைய சிஸ்டர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பாகாயம்_பழைய_சிஸ்டர்:

ஏம்மா, முதலில் அந்த சார்ட் விஷயம். திட்ட வரவில்லை, 34 வருடம் வார்டில் இருந்தவள் நான், நாலரை மணிக்கு எழுதிய சார்ட்டை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இனிமேல் எழுதாதே. ஒரு நாள் அந்த நோயாளிக்கு ஏதாவது ஆனால் அந்தத் தாள் உன்னைத்தான் மாட்டிவிடும், உன்னைத் தனியாக விட்டவர்களை இல்லை. "வார்டில் ஒரே ஆள், இத்தனை மணிக்குத்தான் பார்க்க முடிந்தது" என்று பார்த்த நேரத்தைப் போட்டு எழுது. டூட்டி இன்சார்ஜுக்கு அந்த ராத்திரியே போன் பண்ணு, போன் பண்ணிய நேரத்தையும் எழுது. கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், அது கல்லூரி சேர்ந்த மருத்துவமனைக்கு. மற்ற இடங்களில் ஐந்துக்கு ஒன்று. ஐசியுவில் ஒன்றுக்கு ஒன்று. லீவுக்கு என்று தனியாக 30 சதவீதம் ஆள் வைக்க வேண்டும். உன் வார்டில் எத்தனை என்று நீயே சொல்லிவிட்டாய். இது ஏதோ நர்சுகள் வசதிக்குப் போட்ட கணக்கு என்று நிர்வாகத்தில் நினைக்கிறார்கள். 2002-இல் அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் என்பவரும் அவர் குழுவும் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் கையில் இருக்கும் நோயாளிகளோடு இன்னும் ஒருவர் கூடினால், ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. ஒரே ஒரு நோயாளி கூடினதற்கு! கலிஃபோர்னியாவில் 1999-லேயே சட்டம் போட்டு 2004-இலிருந்து அமலில் வைத்திருக்கிறார்கள், பொது வார்டில் ஐந்து பேருக்கு மேல் ஒரு நர்சிடம் கொடுக்கக்கூடாது. அந்தச் சட்டம் வந்ததே நர்சுகள் சங்கமாகச் சேர்ந்து வருடக்கணக்கில் கேட்டதால்தான்.

முன்னேறுகிறதா என்று கேட்டாய். நம்ம ஊரையே எடுத்துக்கோ. சிஎம்சி மருத்துவமனையை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் நர்ஸ் பயிற்சி ஆரம்பித்தது 1909-இல். அப்போது பெண்ணை இந்த வேலைக்கு அனுப்ப எந்த வீடும் சுலபத்தில் சம்மதிக்காது, கண்டவர் உடம்பைத் தொடுகிற வேலை என்று பேச்சு. அங்கிருந்து 1946-இல் இங்கேயே நர்சிங்கில் பட்டப்படிப்பு வந்துவிட்டது, நாட்டிலேயே முதல் வரிசை. என் மாமியார் என்னைப் பெண் பார்க்க வந்தபோது "நைட் டூட்டி உண்டா" என்றுதான் முதல் கேள்வி. இப்போது என் பேத்திக்கு வரும் ஜாதகங்களில் "வெளிநாட்டு நர்ஸ் என்றால் நல்லது" என்று போடுகிறார்கள். இது முன்னேற்றமா என்னவோ, சிரிப்பாக இருக்கிறது.

படிப்பு ஏறியிருக்கிறது, தைரியமாகச் சொல்வேன். சம்பளம் ஏறவில்லை. இது சேவை மனசோடு செய்கிற வேலை, அதை மட்டும் விட்டுவிடாதே, எங்கே போனாலும்.

---

ஆற்காடு_எக்ஸ்பிரஸ்:

நான் நர்ஸ் இல்லை, என் தங்கை நர்ஸ். வேலூருக்குச் சொல்வார்களே, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று, அந்த லிஸ்டில் சம்பளம் இல்லாத நர்ஸ் என்றும் சேர்க்கலாம்.

எம்ஆர்பி (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி கவர்மெண்டில் போகலாமே என்று எல்லோரும் ஈசியாகச் சொல்வார்கள். 2015-இல் அந்த வழியில் எடுத்தவர்களுக்குத் தொகுப்பூதியம் 7,700. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 18,000 ஆச்சு. நிரந்தரம் ஆக வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள், நடுவில் எத்தனை போராட்டம். கோவிட்டில் எடுத்தவர்களில் 2,472 பேரை 2022 டிசம்பர் 31-ஓடு வேண்டாம் என்று சொன்னது பேப்பரிலேயே வந்தது. கை தட்டினோம், விளக்கு ஏற்றினோம், அவ்வளவுதான். அக்கா, முடிந்தால் போய்விடுங்கள். ஆனால் நாலு லட்சம் ரொம்ப ஓவர்.

---

பிரதர்_ராணிப்பேட்டை:

நான் ஜெர்மனியில் மூன்றரை வருடமாக இருக்கிறேன், கொலோன் பக்கம் ஒரு மருத்துவமனை. ராணிப்பேட்டையில் ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோ, அப்புறம் போஸ்ட் பேசிக் பட்டம். அதனால் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன் சிஸ்டர்.

இரண்டரை லட்சம் என்பது பொய் என்று சொல்ல மாட்டேன், பாதி சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார்கள். இங்கே முதியோர் பராமரிப்பில் 2025 ஜூலையில் தகுதி பெற்ற நர்சுக்குக் குறைந்தபட்சம் மணிக்கு 20.50 யூரோ, உதவியாளருக்கு 16.10 என்று வைத்தார்கள். நீங்கள் வந்து இறங்கியதும் தகுதி பெற்ற நர்ஸ் கிடையாது. உங்கள் பட்டத்தை இங்கே அங்கீகரிக்கும் வரை உதவியாளர்தான், சம்பளமும் அதுதான். அங்கீகாரத்துக்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும், இல்லையென்றால் சில மாதம் வார்டில் இந்த ஊர் முறைக்குப் பழகும் பயிற்சி, அதோடு மொழி பெரும்பாலும் பி2 (பி1-க்கு அடுத்த நிலை) கேட்பார்கள். பி1-ஓடு வந்து இங்கே பி2-வில் மாட்டிக்கொண்டு ஒன்றரை வருடம் உதவியாளராகவே இருந்தவரை எனக்குத் தெரியும். தகுதி வந்தபிறகும் தனி ஆள் என்றால் வரி, காப்பீடு, பென்ஷன் என்று சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வாடகை தனி. அப்புறமும் மிச்சம் நம்ம ஊர் சம்பளத்தைவிடப் பல மடங்கு, அதை மறைக்கவில்லை.

வேலை வேறு மாதிரி. நம்ம ஊரில் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, பெட்பேன் எல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர், இல்லையென்றால் ஆயாம்மா. இங்கே அது நர்ஸ் வேலை, வேலையில் பாதி அதுதான். நான் ஐசியுவில் வென்டிலேட்டர் பார்த்தவன், முதல் மாதம் ஒரு பாட்டிக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வென்ஃப்லான் (டிரிப் ஏற்ற நரம்பில் போடும் ஊசிக்குழாய்) போடுவது இங்கே பல வார்டுகளில் டாக்டர் வேலை, நம்ம ஊரில் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் போடுவதை இங்கே நான் போடக்கூடாது. அவமானமாக இருந்தது. பிறகு ஒன்று புரிந்தது, குளிப்பாட்டும்போதுதான் முதுகுத் தோல் சிவந்திருப்பது தெரியும், மூச்சு எப்படி வாங்குகிறது என்பது தெரியும். படுக்கைப்புண்ணை நான் இங்கே வந்துதான் உண்மையாகக் கவனிக்கக் கற்றேன். சரி, அது என் கதை.

மொழிக்கு பயப்படாதீர்கள். வேலூரில் வார்டு பார்த்தவர்கள் மொழிக்கு பயப்படலாமா? வைத்தியத்துக்காகக் கல்கத்தாவிலிருந்து ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்தே "கோத்தாய் பேத்தா" என்று கேட்கக் கற்றுக்கொள்ளவில்லையா, வலி எங்கே என்று பெங்காலியில்? யாரும் நமக்கு வகுப்பு எடுக்கவில்லை. அதே காதுதான் ஜெர்மனுக்கும். ஆனால் பி2-வுக்கு தினம் உட்கார்ந்து படித்தால்கூட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், நைட் டூட்டியோடு என்றால் இன்னும் கூட. அதை மூன்று மாதத்தில் முடிப்போம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம். நம் நாட்டுக் குடிபெயர்வுச் சட்ட விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் சேவைக் கட்டணமாக வாங்கலாம் என்பது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும். மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்ட் பெயரைப் போட்டால் பதிவு இருக்கிறதா என்று வந்துவிடும். ஜெர்மனியில் நேர்மையாக ஆள் எடுக்கும் ஏஜென்சிகளுக்கு அரசு முத்திரை ஒன்று உண்டு, அதை வாங்கியவர்கள் நர்சிடம் காசு வாங்கக்கூடாது, செலவு எல்லாம் மருத்துவமனை பொறுப்பு. என்னை எடுத்த மருத்துவமனைதான் என் டிக்கெட், விசா, கடைசி கட்ட மொழி வகுப்பு எல்லாம் கொடுத்தது. ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டார்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

---

நைட்_டூட்டி_குடியாத்தம்:

கேட்டார்கள் பிரதர். ஒரிஜினல் எல்லாம் "ஃபைலில் வைக்க" வேண்டுமாம். அதுபோக நான் வேலை செய்யும் இடத்திலும் இரண்டு வருட பாண்டுக்கு ஒரிஜினல் கொடுத்திருந்தேன், அது போன வருடம் முடிந்தபிறகு நாலு முறை அலைந்து வாங்கினேன். அனுபவச் சான்றிதழ் இன்னும் தரவில்லை. பாகாயம் சிஸ்டர், நீங்கள் சொன்னதைப் படித்து அழுதுவிட்டேன், அந்த சார்ட் விஷயத்துக்கு.

இன்னொரு சந்தேகம். நாம் எல்லோரும் போய்விட்டால் இங்கே நோயாளியை யார் பார்ப்பது என்று இன்சார்ஜ் கேட்கிறார். பதில் தெரியவில்லை.

---

ஆம்பூர்_டியூட்டர்:

நான் நர்சிங் கல்லூரியில் டியூட்டர், பதினோரு வருடம். இன்சார்ஜ் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கைப்படி 2023-இல் உலகில் 2 கோடியே 98 லட்சம் நர்சுகள், பற்றாக்குறை 58 லட்சம். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த நர்சுகளில் 78 சதவீதம் பேர் இருப்பது உலக மக்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்கள் வாழும் நாடுகளில். இங்கே என்னிடம் படித்த பிள்ளைகளில் ஒரு பகுதி நர்ஸ் வேலையே பார்க்காமல் துணிக்கடையிலும் கால் சென்டரிலும் இருக்கிறார்கள், படித்தவர்கள் இல்லாமல் இல்லை. காசு கொடுத்து வேலைக்கு வைக்கும் இடம்தான் இல்லை. நோயாளிக்கு நர்ஸ் பற்றாக்குறை, நிர்வாகத்துக்கு ஆள் மிச்சம். நீ போனால் நாளைக்கே பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு புதுப் பெண் வருவாள் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் உனக்கு 14,500. இது ஒன்றும் ரகசியமில்லை.

பாகாயம் சிஸ்டர் மேல் மரியாதை உண்டு, ஆனால் சேவை மனசு என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நூறு வருடமாக நம் சம்பளத்தைக் குறைத்தார்கள். மே 12 நர்சுகள் தினம் வந்தால் மெழுகுவத்தி, கேக், நைட்டிங்கேல் படத்துக்கு மாலை. அந்த அம்மையார் கிரிமியப் போரில் விளக்கோடு நடந்தது மட்டும்தான் நமக்குச் சொல்லித்தருகிறார்கள், திரும்பி வந்து சாவு எண்ணிக்கையைக் கணக்குப் போட்டு, வரைபடம் போட்டு, அரசாங்கத்தோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியது பாடத்தில் இரண்டு வரி. விளக்கைவிட அந்தக் கணக்குதான் நமக்கு இப்போது வேண்டும்.

சம்பள விஷயத்தில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு தெளிவாகவே எழுதியது. 50 படுக்கைக்குக் குறைவாக இருந்தாலும் 20,000-க்குக் கீழே கொடுக்கக்கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்குச் சமம். அமல் செய்வது மாநிலங்கள் கையில் விட்டார்கள். கேரளாவில் நர்சுகள் தெருவில் இறங்கி, 2018-இல் 20,000 குறைந்தபட்சம் என்று அரசாணை வாங்கினார்கள். சும்மா வரவில்லை.

போவது பாவமா? உலகில் ஏழு நர்சில் ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வேலை செய்கிறார், பணக்கார நாடுகளில் 23 சதவீதம். ஆள் ரொம்பக் குறைவாக இருக்கும் நாடுகளில் போய் நர்சுகளைத் திரட்டிக்கொண்டு வராதீர்கள் என்று 2010-லேயே உலக சுகாதார நிறுவனம் நெறிமுறை போட்டது. 2023-இல் அப்படி 55 நாடுகள் பட்டியல் வந்தது, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் இருக்கிறது, இந்தியா இல்லை. அதனால் அந்தப் பாரத்தை 25 வயசுப் பெண் தலையில் ஏற்ற வேண்டாம் என்று உங்கள் இன்சார்ஜிடம் சொல்லுங்கள். (சொல்ல முடியாது, தெரியும்.)

இங்கேயே இருக்க ஆசை என்றாலும் வழி இல்லாமல் இல்லை. தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு வருட முதுகலை வந்திருக்கிறது. கிராமத் துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளராக நர்சுகளைப் போடுகிறார்கள், சுகர், பிபி நோயாளிகளை நேரடியாகப் பார்ப்பது அவர்கள்தான். 1947 நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் நர்சிங்குக்கு என்று புது ஆணையச் சட்டமும் வந்தாச்சு. ஆனால் பதவிப் பெயர் புதிதாக இருக்கிறது, மருந்து எழுதும் அதிகாரம், சம்பளம் இரண்டும் கூடவே வரவில்லை. நான் என் பிள்ளைகளிடம் இதை அப்படியே சொல்லிவிடுவேன்.

இங்கிலாந்து யோசித்தால், ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி ஆங்கிலத் தேர்வு, அப்புறம் கணினித் தேர்வு, அங்கே போய் செய்முறைத் தேர்வு. ஆனால் அங்கே வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது இப்போது நன்றாகக் குறைந்துவிட்டது. அமெரிக்காவுக்கான நர்ஸ் உரிமத் தேர்வு என்கிளெக்ஸ் சென்னையிலேயே எழுதலாம், பாஸ் ஆகலாம், விசாவுக்கு நம் நாட்டுக்காரர்கள் நிற்கும் வரிசை வருடக்கணக்கில். வளைகுடாவுக்கு என்றால் சென்னையில் அரசு நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளை முதலில் பார்க்கவும். எங்கே போனாலும் நர்சிங் கவுன்சில் பதிவு, பல்கலைக்கழக மதிப்பெண் விவரம், அனுபவச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். அந்த மூன்றாவதை எழுத்தில் கேளுங்கள், ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரத்தோடு. வாயால் கேட்டால் இன்னும் நாலு முறை அலைவீர்கள்.

---

பாகாயம்_பழைய_சிஸ்டர்:

டியூட்டர் அம்மா கோபம் நியாயம். எங்கள் காலத்தில் சங்கத்தில் சேராதே என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் மனசு என்பதை நான் சம்பளத்துக்குப் பதிலாகச் சொல்லவில்லை, அந்த ராணிப்பேட்டைத் தம்பி பாட்டி முதுகைப் பார்த்தானே, அதைச் சொன்னேன்.

---

நைட்_டூட்டி_குடியாத்தம்:

எல்லோருக்கும் நன்றி. இமைக்ரேட்டில் பார்த்தேன், அந்தப் பெயரில் எதுவும் வரவில்லை. அம்மாவிடம் நகையை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன். ஜெர்மன் ஏ1 (ஆரம்ப நிலை) வார இறுதி வகுப்பு ஆன்லைனில் சேரப் போகிறேன், அந்தக் காசு என்னால் முடியும். அனுபவச் சான்றிதழுக்குக் கடிதம் எழுதியாச்சு, நாளை தபாலில் போடுகிறேன்.

நேற்று நைட்டும் தனி ஆள்தான். இன்சார்ஜுக்குப் பத்தரைக்கு போன் பண்ணி, பண்ணிய நேரத்தை சார்ட்டில் எழுதினேன். காலையில் ஹேண்டிங் ஓவரில் அதைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்றார். வார்டில் இந்த மாதிரி எழுத தனி நோட்டு ஏதாவது இருக்கிறதா சிஸ்டர், அதில் எழுதுகிறேன் என்றேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்று அவர் என்னையே கேட்டார்.